இடைவேளை இல்லாத டிவி

சாந்தோம்,
செவ்வாய் மதியம்.

அன்பு மகள் டீனாவுக்கு, அம்மா ஃப்ளோரன்ஸ் எழுதுவது. புனேவில் நீயும் மாப்பிள்ளை மேத்யூவும் சுகம்தானே? மாதா தயவில் இங்கே சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். என் வாட்ஸ்அப்பையும் அவர்தான் முதலில் படிக்கிறார்.

நீ அனுப்பிய டிவியைப் பற்றித்தான். அப்பா தியேட்டர் படியில் சறுக்கி விழுந்துவிட்டாரே என்று பயந்து அனுப்பினாய், தப்பில்லை. அதை மாட்டுவதற்காக இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறோம். அதையும் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு படம் பார்த்து முடிக்க மூன்று நாள் ஆகிறது. குக்கர் விசில் அடித்தால் நிறுத்துகிறார், காலிங் பெல் அடித்தால் நிறுத்துகிறார், நடுவில் தூங்கியும் விடுகிறார். மீன் கொண்டுவரும் தேவானை கூடையோடு வாசலில் நின்று, "இன்னாக்கா, நேத்து குத்துப்பட்டவன் இன்னுமா சாவல?" என்று கேட்கிறாள். எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். உன் அப்பா முக்கியமான எதையும் என்னிடம் வீட்டில் வைத்துச் சொன்னதே இல்லை. சினிமா இடைவேளையில்தான் சொல்வார். தனக்கு ஹெட்மாஸ்டர் பதவி இல்லை என்றது, உனக்குப் பிறகு இன்னொரு பிள்ளை எனக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னது, நீ மேத்யூவை விரும்புவது, எல்லாமே சமோசாவைக் கையில் கொடுத்துவிட்டு வெறும் திரையைப் பார்த்தபடி சொன்னவைதான். உடனே விளக்கு அணைந்துவிடும். நான் அழுதால் அவருக்குத் தெரியாது, அவர் அழுதால் எனக்குத் தெரியாது.

போன வாரம் பீரோவில் அவர் சட்டைகளுக்கு அடியில் ஒரு ஸ்கேன் ஃபைல் கிடைத்தது. வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறார். இருபத்திரண்டாம் தேதி மறுபடி வரச் சொல்லி எழுதியிருக்கிறது. மற்றதெல்லாம் எனக்குப் புரியவில்லை. கேட்டதற்கு, "சும்மா செக்கப்தான் ஃப்ளோரன்ஸ்" என்று ஃபைலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எதிர்வீட்டு ஈவ்லினின் மகன் டாக்டர்தான், அவனிடம் விசாரிக்கலாம். எனக்கு மனமில்லை. இவர் வாயால் கேட்க வேண்டும்.

சரி, ஒரு படத்துக்காவது போகலாம் வாருங்கள் என்றேன். டீனா ஆசையாக டிவி வாங்கித் தந்திருக்கிறாள், அவள் மனசு சங்கடப்படும் என்கிறார். விழுந்த மறுவாரமே கட்டோடு தியேட்டருக்குக் கிளம்பிய மனுஷன் இவர். இப்போது இடைவேளைக்குப் பயந்துகொண்டு உன் டிவிக்குப் பின்னால் ஒளிகிறார். எனக்குக் கோபம் அவர்மேலா உன்மேலா என்றே தெரியவில்லை.

வரும் ஞாயிறு நீ கூப்பிடும்போது உடம்பைப் பற்றி எதுவும் கேட்காதே. குரலிலும் காட்டிக்கொள்ளாதே. அம்மாவை ஒரு படத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று மட்டும் சொல். டிக்கெட்டையும் நீயே போட்டுவிடு, நீ போட்டால் வீணாக்க மாட்டார். எந்தக் குப்பைப் படமானாலும் சரி, இருபத்திரண்டுக்கு முன்னால் இருக்கட்டும்.

உங்கள் இருவரையும் மாதா தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். அவர் சொல்லப் போவதைக் கேட்கிற தைரியம் எனக்கு வேண்டும், அதற்காக ஒரு ஜெபமாலை சொல்.

அன்புடன்,
அம்மா