ஓவனும் மூன்று கையெழுத்தும்

2025 ஓகஸ்ட் 3, ஞாயிறு

ஓவனுக்குள்ளிருந்து இன்று பதினொரு சட்டிகளை வெளியே எடுத்தேன். இடியப்பத் தட்டு இரண்டு, மூடி இல்லாத பால் சட்டி, சட்டியே இல்லாத மூடிகள் நான்கு. ஒன்பது வருடங்களுக்கு முன் இவருடைய தங்கை டோஹாவிலிருந்து அனுப்பிய ஓவன். வீட்டு வயர் தாங்காது என்று இவர் சொன்னார், நானும் நம்பினேன். அன்றிலிருந்து அது சட்டி அலுமாரி.

என் வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம். நேற்று மாப்பிள்ளையின் அம்மா அன்னலட்சுமி, கல்யாணக் கேக்குக்கு எங்கே சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டார். "நானே செய்றேங்க" என்று சொல்லிவிட்டேன். மகள் சஞ்சீவனி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. கல்யாணமோ 31ஆம் திகதி. பழம் போட்ட ரிச் கேக் பத்து நாளாவது இருந்து ஊறினால்தான் ருசி. அதனால் இருபதுக்குள் சுட்டாக வேண்டும்.

ஆனாலும் சொன்னது சொன்னதுதான். டவுனில் மூன்று மாதம் கேக் வகுப்புக்குப் போய் சான்றிதழ் வாங்கியவள் நான். என் சொந்த அடுப்படியில் ஒரு கேக்கும் சுட்டதில்லை. என் மகளின் கல்யாணத்துக்காவது சுட வேண்டும்.

ஓகஸ்ட் 5

கல்யாணக் கேக் தட்டு ஓவனுக்குள் போகவில்லை. இரண்டு விரல் அகலம் இடிக்கிறது. பக்கச் சுவரில் கோழி சுழற்றும் கம்பிக்கு ஒரு பிடி, அதற்கு ஒரு மோட்டர். கோழிக் கறி வைக்கவே நேரமில்லாத வீட்டில் கோழியைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

கழற்றித் தருவீர்களா என்று இவரிடம் கேட்டேன். வயர் கதையைத் திரும்பத் தொடங்குவார் என்று பதிலும் தயாராக வைத்திருந்தேன். ஆனால் மனிதர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு போய் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்தார். கூடவே கோடு போட்ட தாள்!

ஓகஸ்ட் 6

இவர் முப்பத்துமூன்று வருடம் அரசாங்கக் களஞ்சியக்காரராக இருந்தவர். அங்கே கால் உடைந்த கதிரையை எறிவதென்றாலும் மூன்று பேர் கூடி, பார்த்து, 'பாவனைக்கு உதவாது' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூன்றாமவர் வேறு அரசாங்கக் கந்தோரிலிருந்து வர வேண்டும். அந்தச் சட்டம் இப்போது என் அடுப்படிக்கும் வந்துவிட்டது. தலைவர் இவர். அங்கத்தவர் நான். வேறு கந்தோர், பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா.

ஓவனின் பிளக்கைக் கழற்றி, அதை மேசையில் தூக்கி வைத்து, இவர் தட்டுக்கு இடிப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, கழற்ற வேண்டியது என்று தாளில் இலக்கம் போட்டார். கோழிக் கம்பி. மோட்டர். பக்கக் கம்பிச் சட்டங்கள். ஏழாம் இலக்கம், பின்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய செப்புக் குச்சி. 'உபயோகம் தெரியவில்லை' என்று எழுதினார்.

நான் மாவு சலித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். ஆஸியா உம்மாவை வாசித்துப் பார்க்கச் சொன்னேன். "கண்ணாடி ஊட்டுல ஈக்கி மகள். தம்பி பிழையா எழுத மாட்டாரு" என்று அவரும் போட்டார்.

ஓகஸ்ட் 9

தட்டு உள்ளே போகிறது. கதவும் மூடுகிறது. ஐந்து தரம் திறந்து மூடிப் பார்த்தேன். இவர் ஆறாவது தரம்.

ஓகஸ்ட் 11

கரிக்கட்டை.

பரீட்சைக்கு ஒரு பட்டர் கேக் வைத்தேன். அரை மணி நேரத்தில் புகை. மேலே கரி, உள்ளே கூழ். சூட்டைக் குறைத்தேன், குறையவேயில்லை. அடுப்பு எரிகிற மாதிரி எரியுது, நிக்கவே மாட்டேங்குது. இப்ப நான் என்ன பண்ணுவேன்? பிராந்தியில பழமெல்லாம் ஊறுது, சம்பந்திக்கிட்ட வீறாப்பா சொல்லியாச்சு — எனக்கு இந்த வாய் தேவையா?

கேக்கை வெளியில் செய்யச் சொல்லிவிடுவோமா என்று இவர் மெதுவாகக் கேட்டார். நான் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். அழுதேன், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

ஓகஸ்ட் 13

ஆஸியா உம்மாவின் மகன் முனாப் கரண்டு வேலை செய்பவர். வேலை முடிந்து போகிற வழியில் வந்து பார்த்தார். ஓவனைத் திருப்பியவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

களஞ்சியக்காரர் அல்லவா? எதையும் வெட்டவில்லை, எறியவில்லை. அந்தச் செப்புக் குச்சியை உள்ளேயிருந்து இழுத்து, அதன் நீண்ட வாலோடு சுருட்டி, தாளில் பொதிந்து, 'இலக்கம் 7' என்று அட்டை கட்டி முதுகுப் பக்கம் தொங்க விட்டிருக்கிறார்.

"அக்கா, சூடு எவ்வளவுண்டு பாக்குறதே இதுதான். வெளிய தொங்குனா குளிருதுண்டு நெனச்சி எரிஞ்சிக்கிட்டே ஈக்கும்."

இவர் தாளை எடுத்தார். மூன்று கையெழுத்து. யாரை யார் திட்டுவது? ஆஸியா உம்மா சிரித்ததில் அவருக்கு இருமலே வந்துவிட்டது.

குச்சியைப் பழைய இடத்தில் வைத்தால் தட்டு இடிக்கும். முனாப் யோசித்து, கோழிக் கம்பி இருந்த ஓட்டை வழியாகவே அதை உள்ளே விட்டு, தட்டுக்கு மேலே கிளிப் போட்டு நிறுத்தினார். மிஞ்சிய ஓட்டையையும் தகரத்தால் அடைத்தார். போகும்போது வீட்டு வயரையும் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, இந்த ஓவனை எப்போதும் தாங்கியிருக்கும் என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

ஓகஸ்ட் 14

காலையில் தேநீர் கொடுக்கும்போது இவர் தலை நிமிராமல் சொன்னார்: "அன்னைக்கு நான் வயரைப் பாக்கவே இல்ல கலா. சும்மா சொன்னேன். புதுச் சாமான் வந்தா எனக்குப் பயம்."

ஒன்பது வருடம். கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது. கொடுத்த கப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அப்புறம் அடுப்படியில் பார்த்தால் இவர் கரி பிடித்த கேக் தட்டைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறார். நேரம் போகப் போக எங்கே இருக்கிறது அந்தக் கோபம் என்று தேட வேண்டியதாயிற்று.

ஓகஸ்ட் 19

சுட்டேன்!

ரவை, முந்திரிக் கஜு, சீனிப் பாகில் ஊறிய பூசணித் தோசி, பிளம்ஸ், எல்லாம் கலந்து, மெல்லிய சூட்டில், தட்டுத் தட்டாக. ஓவன் சொன்ன சூட்டில் சொன்னபடி நின்றது. இவர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தட்டும் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் எழுதிக்கொண்டிருந்தார். ஆஸியா உம்மாவுக்கென்று பிராந்தி படாமல், தேயிலைச் சாயத்தில் பழம் ஊற வைத்துத் தனியாக ஒன்று. வாசனை வீதி ஏற்றத்தின் அடிவரை போயிருக்கிறது. பேராதனையில் வேலை முடிந்து வந்த சஞ்சீவனி, கீழே பஸ் நிறுத்தத்திலேயே தெரிந்துவிட்டது அம்மா என்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள். என் கையெல்லாம் பட்டர்.

ஓகஸ்ட் 31

எழுத நேரமில்லை. பிள்ளை தேவதை மாதிரி இருந்தாள். வந்தவர்களுக்குக் கொடுத்த கேக் பெட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்னலட்சுமி சம்பந்தி இரண்டாவது பெட்டியைத் தானே கேட்டு வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார். நான் பார்த்துவிட்டேன்.

செப்டெம்பர் 6, சனி

வீடு வெறிச்சென்று இருக்கிறது. அடுப்படியில் மட்டும் நடக்க இடமில்லை. பதினொரு சட்டியும் நான்கு மூடியும் ஒரு மாதமாகத் தரையில். கல்யாணம் முடிந்தது, இனி எல்லாம் பழைய இடத்துக்கே போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பால் சட்டியைக் கையில் எடுத்தேன். ஓவன் கதவைத் திறக்க மனம் வரவில்லை.

அப்போது இவர் தாளோடு வந்தார். பின்னால் ஆஸியா உம்மா, இந்த முறை கண்ணாடியோடு.

தாளில் ஒரே ஒரு இலக்கம். 'முன்அறை அலுமாரியில் உள்ள பழைய கந்தோர்க் கோப்புப் பிரதிகள், 42. பாவனைக்கு உதவாது. காலியாகும் இடம் சட்டிகளுக்கு. ஓவன் கேக்குக்கு மட்டும்.' கீழே இவருடைய கையெழுத்து ஏற்கனவே இருந்தது. அந்தக் கோப்புகளைத் தூசு தட்டக்கூட என்னை விட்டதில்லை இவர்.

ஆஸியா உம்மா விரல் வைத்து வரிவரியாக வாசித்துவிட்டுப் போட்டார். நானும் வாசித்தேன், இரண்டு தரம். இரண்டாவது தரம் எழுத்து கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. பிறகு பால் சட்டியை இவர் கையில் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.