நான் சேர்க்கச் சொன்ன பட்டை

மாப்ளே,

இன்று காலை பள்ளிக்கூட ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனேன். பங்க்காரர் கேனிலிருந்து குழாயை அவசரமாக உருவியதில் கொஞ்சம் என் கையில் சிந்திவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவினேன். ஆய்வகத்தில் கிடந்த எதையெதையோ போட்டுத் தேய்த்தும் பார்த்தேன். போகவில்லை. வேதியியல் ஆசிரியை மூக்கைச் சுளித்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். நானோ யாரும் பார்க்காத நேரத்தில் கையை மூக்கருகே கொண்டுபோய்க் கொண்டிருந்தேன். இந்த வாசனைக்காக நாம் இரண்டு பேரும் அலைந்த அலைச்சலை வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. தலைத்திவசம்கூட முடிந்தது. உன்னிடம் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அதை உன் வீட்டில் சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. போன வாரம் சொன்னேன். என்ன நடந்தது என்று உனக்கும் தெரிய வேண்டும் அல்லவா, அதற்குத்தான் இது.

பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்புறம் நீ வயலுக்குப் போனாய், நான் ஆய்வக உதவியாளனாகப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்தேன். நிலம் உன்னிடம், மாதச் சம்பளம் என்னிடம், வண்டிப் பைத்தியம் மட்டும் இரண்டு பேருக்கும் பொது. மற்றவர்கள் காரைப் பார்ப்பார்கள். நாம் கீழவாஞ்சூர் சாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, துறைமுகத்துக்குப் போகிற நிலக்கரி லாரிகளுக்கு நடுவே ஏதாவது ஒரு பிக்கப் வருகிறதா என்று பார்ப்போம். சத்தத்தை வைத்தே எந்த எஞ்சின், டர்போ உண்டா இல்லையா என்று பந்தயம் கட்டுவோம். பெரும்பாலும் நீதான் ஜெயிப்பாய், நான் டீ வாங்கித் தருவேன். "பெட்ரோல் வண்டி சத்தம் போடும் மச்சான், டீசல்தான் வேலை செய்யும்" என்பாய். அதை எத்தனை தடவை சொல்லியிருப்பாய் என்று கணக்கே இல்லை.

கடைசியில் நீயே ஒன்று வாங்கினாய். இரண்டாம் கை வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும் வகை. கதவில் முந்தைய சொந்தக்காரரின் மளிகைக்கடைப் பெயர் பாதி சுரண்டப்பட்டுக் கிடந்தது. எனக்கென்னவோ அது என் வண்டி மாதிரியேதான் இருந்தது. சாவியைத் திருப்பினால் சுருள் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். எஞ்சின் உள்ளே சூடாகி அது அணைகிற வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. அந்தச் சில நொடிகளில் யாராவது பேசினால் உனக்குக் கோபம் வரும். உன் மனைவி செல்வி வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொல்வாள்: "பதினஞ்சு வருஷத்துல எனக்காக இந்த மனுசன் இப்படி ஒரு தடவ காத்துக்கிட்டு இருந்தது இல்லண்ணே." வண்டிக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. சக்களத்திக்கு இன்னைக்கு எண்ணெய் மாத்தியாச்சா, சக்களத்தியக் குளிப்பாட்டியாச்சா என்று உன்னைக் கிண்டலடித்துக்கொண்டே இருப்பாள்.

கோட்டுச்சேரிமேட்டில் ஒரு மத்தியானம் நினைவிருக்கிறதா? மணலில் ஃபைபர் படகு ஒன்று புதைந்து கிடந்தது. டிராக்டர் வர நேரமாகும் என்று மீனவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீ கயிற்றைக் கட்டச் சொன்னாய். நாலு சக்கர கியரைப் போட்டாய். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை, கிளட்சை மட்டும் மெல்ல மெல்ல விட்டாய். எஞ்சினின் உறுமல் தாழ்ந்தது, அணைந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அணையவில்லை. படகு அசைந்து, அப்படியே கூட வந்தது. மீனவர்கள் கை தட்டினார்கள். நீ அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். அதைப் புரிந்துகொள்ள அந்தக் கடற்கரையில் நான் ஒருவன்தான் இருந்தேன். இதைவிடச் சந்தோஷமாக நான் உன்னைப் பார்த்ததில்லை. உன் கல்யாணத்தில்கூட.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவிடாமல் செய்தவன் நான்.

வெளிநாட்டு பிக்கப் வண்டிகளை ஃபோனில் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் கெட்டுப்போயிருந்தது. பின்பக்கம் தூக்கி, முன்னால் பாயப்போகிற மாதிரி நிற்கிற வண்டிகள். உன் வண்டியோ பத்து மூட்டை ஏறியதும் பின்னால் உட்கார்ந்துவிடும். "மாப்ளே, பின்னால பக்கத்துக்கொரு பட்டை சேர்த்துடு, அப்புறம் பாரு" என்று ஒரு மாதம் உன்னை அரித்தேன். ஸ்பிரிங் பட்டைதான், லாரிக்காரர்கள் எல்லாம் சேர்க்கிறதுதான். உனக்கும் ஆசை இருந்தது, இல்லை என்று சொல்லாதே. ஆனால் முதலில் சொன்னது நான்.

கார்த்திகையில் கீழவாஞ்சூர் சாலைப் பட்டறைக்குப் போனோம். பட்டறை பாய் வேலையை முடித்தபோது நீ எதிர்க்கடைக்கு டீ சொல்லப் போயிருந்தாய். பாய் என்னைக் கீழே குனியச் சொன்னார். பின் அச்சுக்கு மேலே ஒரு சின்ன வால்வு, அதிலிருந்து அச்சுக்கு ஒரு கம்பி. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி நகரும், அப்போதுதான் அந்த வால்வு பின் பிரேக்குக்கு முழு அழுத்தத்தையும் அனுப்பும். "பட்டை போட்டா வண்டி ஒசந்துரும் தம்பி. லோடு ஏத்துனாலும் இது ஏத்தலன்னு நெனச்சுக்கும், பின் பிரேக்கு பாதிதான் பிடிக்கும். கம்பெனில காட்டி செட் பண்ணாம லோடு ஏத்தாதீங்க" என்றார்.

நான் தலையாட்டினேன். கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோனால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் பட்டையைக் கழற்று என்பார்கள். நீ டீக் கிளாஸோடு திரும்பி வந்து, சாலையின் நடுவிலேயே நின்று வண்டியைப் பார்த்தாய். லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டியதுகூட உனக்குக் காதில் விழவில்லை. அந்த நேரத்தில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

நேராகக் கோயிலுக்குப் போனோம். மாலை போட்டு, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். திரும்பும்போது காலிச் சாலையில் நீ வேண்டுமென்றே ஓங்கி பிரேக் அடித்தாய். என் நெற்றி முன் கண்ணாடியில் இடிக்காமல் தப்பியது. "பாத்தியா மச்சான், எப்படி நிக்குது" என்றாய். வண்டி காலி. காலி வண்டி நிற்கத்தான் செய்யும். எனக்குத் தெரியும், தெரிந்தும் சிரித்தேன். அதன் பிறகு இரண்டு மாதம் நாலு உர மூட்டை, ஒரு கட்டு வைக்கோல் என்று சின்னச் சின்ன பாரம்தான். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் நானும் மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். மறக்கவில்லை, சொல்லவில்லை.

தை அறுப்பில் முதல் முழு லோடு. உன் வயலிலிருந்து வரும் சாலையில், மதகுக்கு முன்னால், வைக்கோல் கட்டுகிற மெஷினோடு ஒரு டிராக்டர் வயலிலிருந்து சாலைக்கு ஏறியது. நீ அதன்மேல் மோதாமல் ஒடித்தாய். மதகுச் சுவர் உன்னை நிறுத்தியது. எனக்குச் செய்தி வந்தபோது நான் ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஊரில் பாதிப்பேர் உன் வேகத்தைக் குறை சொன்னார்கள். மீதிப்பேர் உனக்கு ஏழரை நடந்தது என்று திருநள்ளாறு பக்கம் கையைக் காட்டினார்கள். சனி பகவான் பாவம், என் பழியையும் சேர்த்துச் சுமந்தார். மூட்டைகளை இறக்கிய பிறகு வண்டியைப் பார்க்க வந்த அதிகாரி பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு, பிரேக் சரியாக இருக்கிறது, ஓட்டியவர்தான் வேகம் என்று எழுதினார். அந்த டிராக்டர்காரர் மட்டும் காரியம் முடிந்த அன்று என்னிடம் வந்து, யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்பதுபோலச் சொன்னார்: "வேகமெல்லாம் வரலங்க. பிரேக்க மிதிச்சாரு, வண்டி மூஞ்சி குனிஞ்சுது. நிக்கலங்க." நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். எவ்வளவு கேவலமானவன் பார்.

செல்வி உன் படத்தை மாட்டவில்லை. உள்ளறை அலமாரியில் முகம் தெரியாமல் திருப்பி வைத்திருந்தாள். நான் போகும்போதெல்லாம் காப்பி கொடுத்துவிட்டு உன்னைத் திட்டுவாள். வண்டிதான் பெரிசுன்னு போய்ட்டாரு, எங்களப் பத்தி ஒரு நொடி நெனச்சிருந்தா அப்படி ஓட்டியிருப்பாரா என்பாள். அழமாட்டாள், திட்டுவாள். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மனசு ஆறட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். யார் மனசு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் வண்டியின் முன்பக்கத்தைச் சரிசெய்து கொண்டுவந்தாள். விற்பதற்கு என்று நினைத்தேன். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆமாம் மாப்ளே, உன் செல்விதான். சுருள் விளக்கு அணைகிற வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் காத்திருக்கிறாள். நான் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

போன வாரம் அவள் ஃபோன் செய்தாள். நாளை மறுநாள் அறுப்பு, வாடகை வண்டி வேண்டாம், நானே ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன், முப்பது மூட்டை தாங்கும்ல அண்ணே என்று கேட்டாள். பின்னால் அந்தப் பட்டைகள் அப்படியேதான் இருந்தன. வால்வும் அப்படியே. நான் இருக்கிற தருமபுரத்திலிருந்து உன் வீட்டுக்கு இருபது நிமிஷம். அன்று சாயங்காலம் மதகு வரை போய் இரண்டு தடவை பைக்கைத் திருப்பினேன். சொன்னால் அந்த வீட்டு வாசல் எனக்கு மூடிவிடும். சொல்லாவிட்டால் அவளும் அதே மதகுக்கு முன்னால் பிரேக்கை மிதிப்பாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். ஆனாலும் யோசித்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் வண்டி நின்றது. அவளைக் குனியச் சொல்லி வால்வைக் காட்டினேன். பாய் சொன்னதை, நான் தலையாட்டியதை, நீ டீ வாங்கப் போயிருந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இது அவருக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. நான் சொல்லல."

டயரைக் கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ஒரு வருஷமா அந்த மனுசன நான் திட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க அதக் கேட்டுக்கிட்டே இங்க உக்காந்து காப்பி குடிச்சிங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. நீ போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

மறுநாள் காலையில் ஃபோன் செய்து, வந்து பட்டறைக்கு வழிகாட்டச் சொன்னாள். பாய் பட்டைகளைக் கழற்றினார். கம்பெனியில் வால்வைச் சரியான அளவில் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு நாள்கூட ஆகவில்லை மாப்ளே. அவளோடு வீட்டுக்குத் திரும்பியபோது கூடத்தில் உன் படம் மாட்டியிருந்தது, மாலை புதுசு.

அறுப்பு முடிந்து முப்பது மூட்டை ஏறியதும், நீங்க பக்கத்துல உட்காருங்க என்றாள். உட்கார்ந்தேன். வண்டி முன்போலப் பின்னால் தாழ்ந்து, பார்க்க லட்சணமில்லாமல்தான் போனது. மதகு கண்ணுக்குத் தெரிந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. வாயைத் திறக்க எனக்கு உரிமை இல்லை என்று கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். நீ ஒடித்த இடத்துக்குப் பத்து அடி முன்னால் அவள் பிரேக்கை அழுத்தி மிதித்தாள். மூட்டைகள் முனகின. வண்டி நேராக, அசையாமல் நின்றது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

"பிடிக்குது சார்" என்றாள்.

உன் கல்யாணத்தன்று தாம்பூலம் கொடுத்தபோது வாங்கண்ணே என்று ஆரம்பித்தவள். நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடமும் மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், எழுதி அடித்துவிட்டேன். உன் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டபோதும் அதையேதான் சொன்னாள், மரியாதையாக, போய்ட்டு வாங்க சார் என்று.

பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இத்தனை வருஷம் காதில் விழாத சொல். இப்போது ஒவ்வொரு தடவையும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்ப முடிகிறது.