அந்த நீல வயர மாத்துனது நான்தான்

என் தங்கக் கண்ணு செல்வி,

நீ போயி நாளையோட ஒரு வருசம் ஆகுது. தெவசத்துக்கு உனக்குப் புடிச்ச கச்சாயம் சுடலாம்னு அரிசி ஊறப் போட்டுட்டு, இந்தத் தாள எடுத்து உக்காந்துட்டேன். இத உன் ஆபீஸ்காரங்களும் படிப்பாங்க. படிக்கட்டும்னுதான் எழுதறேன். சாமி மேல ஆணையா இதுல ஒண்ணையும் மறைக்க மாட்டேன். மறைச்சது போதும்.

சத்தம் இல்லாத எடம் வேணும்னு தர்மபுரில இருந்து உங்கப்பா வூட்ட வுட்டுட்டு இந்த அத்தகிட்ட வந்த. வந்து என் வாய்கிட்ட மாட்டுன! பின்னாடி ரூம்ல மூணு கம்ப்யூட்டர் பெட்டி வச்ச. ரெண்டு பெட்டி அச்சு அசலா ஒண்ணு போலயே இருக்கும், உள்ள ஓடற சிஸ்டம் மட்டும் வேற வேற. மூணாவது பெட்டி அதுங்க ரெண்டுக்கும் சரக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். எது வேகமா வாங்கி வேகமா திருப்பி அனுப்புதுன்னு நீ அளப்ப. ஒரு சிஸ்டம் பழசு. இன்னொண்ணு பெங்களூர்ல உன்கூட வேல செய்யற மஞ்சுநாத் தம்பி ராப்பகலா திருத்துனது. அவ்வளவுதான் எனக்குப் புரிஞ்சிச்சி.

அளக்கறப்ப நான் போன்ல கோயில் நேரலை பாத்தா உனக்கு ஆகாது.

"அத்த, முருகருக்கு அபிசேகம் முடிஞ்சிச்சா?"

"பாலாபிசேகம் நடக்குதுடி."

"அந்தப் பாலு முழுக்க என் பெட்டி வழியாத்தான் ஊத்துது. பத்து நிமிசம் நிறுத்து, என் அளவு கலங்குது."

கன்னத்துல போட்டுக்கிட்டு நிறுத்துவேன். அவரு கோவிச்சிக்கலன்னு நெனைக்கறேன்.

போன வருச ஆயுத பூஜைக்கு நீ உங்கப்பா வூட்டுக்குப் போன. போறப்ப, "அத்த, எல்லாம் மாட்டி ரெடியா வச்சிருக்கேன், வந்து அளக்கணும், தொடாத"ன்னு சொல்லிட்டுத்தான் போன. ஆனா நீயே சொல்லு, டிராக்டருக்குப் பொட்டு வச்சாச்சி, மோட்டாருக்கு வச்சாச்சி, அருவாமணைக்குக் கூட வச்சாச்சி. உனக்குச் சோறு போடற பெட்டிய மட்டும் மூளியா வுடறதுக்கு எனக்கு மனசு வருமா? வயரெல்லாம் கழட்டி, தூசி தொடச்சி, சந்தனம் குங்குமம் வச்சேன். திருப்பி மாட்டறப்ப ஒரு வயரோட மூக்கு ஒடஞ்சி போச்சி. பயந்துட்டேன். பரண்ல பழைய வயர் ஒண்ணு கெடந்துச்சி, அதே நீலம், அதே மூக்கு. மாட்டுனேன். பச்ச வெளிச்சம் மினுக்குச்சி. முருகா காப்பாத்துனன்னு கும்புட்டுட்டு, ஒடஞ்சத குப்பையில போட்டுட்டேன்.

பத்து நாள் அளந்த. ஒரு நாள் சோறு திங்கறப்ப சொன்ன, "சராசரி பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் வருது அத்த. ஆனா மஞ்சு சிஸ்டம் மட்டும் அப்பப்ப திணறுது."

"சராசரியா பாத்து எவன்டி தக்காளி வாங்குவான்? பாலக்கோடு மண்டில வியாபாரி கூடைக்கு அடில கை வுட்டு அழுகல் இருக்குதான்னுதான பாப்பான்?"

"எங்க மேனேஜருக்கு நீயே வந்து கிளாஸ் எடு அத்த"ன்னு சிரிச்ச. அந்தத் திணறலையும் சேத்து எழுதி ஆபீசுக்கு அனுப்புன. நானே அழுகல் பழத்த உன் கூடைல போட்டுட்டு, உனக்கே புத்தியும் சொல்லியிருக்கேன் பாரு.

அதுக்கப்பறம் ஒரு மாசம் கழிச்சி, சாயந்தரம் வெளக்கு ஏத்திக்கிட்டு இருந்தேன். நீ வந்து கதவோரம் நின்ன. "அத்த, நான் இல்லாதப்ப அந்த வயர் எதாச்சும் தொட்டியா?"

வெளக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, "நான் ஏன்டி தொடறேன்"னு சொன்னேன்.

திட்டுவியோன்னு ஒரு பயம், அவ்வளவுதான் கண்ணு. "சரி அத்த"ன்னு போயிட்ட. அடுத்த நாளே உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரில ரெண்டாவது நாள் என் கையப் புடிச்சி, "வூட்டுக்குப் போயி திரும்ப ஒருவாட்டி அளக்கணும் அத்த"ன்ன. பொலம்பறன்னு நெனச்சி நெத்தில துன்னூறு பூசுனேன். நீ வூட்டுக்கு வரவே இல்ல.

போன வாரம் மஞ்சுநாத் தம்பி பெட்டிங்கள எடுத்துட்டுப் போக வந்தாரு. தமிழ் தத்தித்தத்தி பேசறாரு. காபி குடுத்துட்டு, உங்க வேலையெல்லாம் எப்பிடிப் போகுதுன்னு சும்மாதான் கேட்டேன். உன் ரிப்போர்ட்ட பாத்து அவரு சிஸ்டத்த ஓரங்கட்டிட்டாங்களாம். அவரையும் வேற வேலைக்கு மாத்திட்டாங்களாம். "செல்வி மேல கோவம் இல்லம்மா. அவ பொய் எழுத மாட்டா. என் வேலதான் மோசம்"னாரு.

நீ கேட்ட அந்த வயர்தான் எனக்கு நெனப்புக்கு வந்துச்சி. வாய மூடிக்கிட்டா பெட்டிய ஏத்திக்கிட்டுப் போயிருவாரு, உன் பேரும் அப்பிடியே நிக்கும். சொன்னா, நீ அனுப்புனது தப்புன்னு ஆயிரும். செத்த புள்ள பேர நானே கெடுக்கறதான்னு பூஜ ரூமுக்குள்ள போயி நின்னேன். திரும்ப அளக்கணும்னு நீ சொன்னதுதான் காதுல கேட்டுச்சி.

"தம்பி, வயர மாத்துனது நான்"னு வெளிய வந்து சொன்னேன்.

அவரு கோவப்படல. பெட்டிங்கள திரும்ப மாட்டுனாரு. என் செல்போன நானே அணைச்சி வச்சேன். மொத ஓட்டத்த எழுதிக்கல, சூடு ஏறட்டும்னாரு. அப்பறம் அளந்தா அதே திணறல். உடனே அந்த நீல வயர அவரு பெட்டில இருந்து புடுங்கி இன்னொரு பெட்டிக்குப் போட்டாரு, அதோடத இதுக்குப் போட்டாரு. திணறல் வயரோடவே அந்தப் பக்கம் போயிருச்சி! மாத்தி மாத்தி மூணு தடவ பாத்தாரு. புது வயர் போட்டதும் ரெண்டும் ஒண்ணு போல ஓடுச்சி. அவருது ஒரு சிட்டிக வேகமும் கூட.

அப்பறம், "இந்த மாதிரி மாத்திப் போட்டுப் பாக்கச் சொல்லி நாங்களும் கேக்கலம்மா. ஒரே அமைப்புல அளந்தத எல்லாருமே நம்பிட்டோம்"னாரு. ஆபீசுக்கு எழுதிட்டாரு. நானும் இத எழுதறேன். தப்பு எம் பொண்ணுது இல்ல, என்னோடது.

போறப்ப அந்த வயர என் கைல குடுத்தாரு. மூக்கு ஓரத்துல குங்குமம் ஒட்டியிருக்கு செல்வி. வெரல் ரேக கூட தெரியுது. ஒரு வருசமா அழியல.

நீ அத பாத்துட்டுதான் வந்து கேட்டியா? ஊசில நூல் கோக்கற கண்ணு உனக்கு, அது தெரியாமயா இருக்கும்? தெரிஞ்சும் வெளக்கு முன்னாடி நிக்கறவள ஏன் அசிங்கப்படுத்தணும்னு வுட்டுட்டியா? இல்ல, இந்த அத்த பொய் சொல்ல மாட்டான்னு நம்பிட்டுப் போனியா? எதுவா இருந்தாலும் எனக்குத் தாங்கல கண்ணு.

இந்த வருசம் பூஜைக்கு உன் ரூம் கதவ நான் தொறக்கவே இல்ல. அடுத்த வருசம் தொறப்பேன். உன் மேசைக்குப் பொட்டு வைப்பேன். எத தொட்டேன், எத நவுத்துனேன், எது ஒடஞ்சிச்சின்னு ஒண்ணு வுடாம எழுதி அங்கயே ஒட்டிட்டுத்தான் வருவேன். யாரும் வந்து கேக்கற வரைக்கும் காத்திருக்க மாட்டேன், இது சத்தியம்.

நீ கேட்டதுக்கு ஒரு வருசம் கழிச்சி பதில் சொல்ற,
உன் அத்த