அந்த டப்பாவைத் திறக்காதே

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன், அண்ணி எல்லோரும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்பா முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டார், கேரம் ஆடப் போகும்போது மட்டும் கால் பறக்கிறது. அண்ணிக்கு பாங்கில் வேறு கிளைக்கு மாற்றலாகியிருக்கிறது. என் பார்லரில் இரண்டு சுழல் நாற்காலி புதிதாக வாங்கிப் போட்டேன். பார், ஒன்றைச் சொல்ல உட்கார்ந்துவிட்டு எதை எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃபோனிலும் மூன்று தடவை இப்படித்தான், சொல்ல வாய் வராமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உதட்டை ஒட்டி நூல் அகலத்துக்குத் தோல் சுத்தமாக இருக்கிறது, அதைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி பொடிப்பொடியாகச் சிவப்பு. போன மாதம் வாயோடு நின்றது இப்போது மூக்கோரம் ஏறி, இடது கண்ணுக்குக் கீழேயும் இரண்டு புள்ளி. இதே முகத்தை நான் இங்கே தினமும் பார்க்கிறேனடி. முதலில் டீச்சரம்மாவுக்கு வந்தது, பிறகு தையற்கடைக்காரிக்கு, பிறகு எதிர்வீட்டு மருமகளுக்கு. துண்டையெல்லாம் கொதிக்க வைத்தேன், புருவ நூலை மாற்றினேன், லிப்ஸ்டிக் அத்தனையையும் குப்பையில் கொட்டினேன், நிற்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் புருவம் திருத்த வந்த தோல் டாக்டரம்மா, பக்கத்து நாற்காலியில் இருந்த டீச்சரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க ஸ்பெஷல் கிரீம்ல என்ன கலக்கறீங்க?" என்று கேட்டார். அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

உனக்கும்கூட இதுவரை சொன்னதில்லை. கற்றாழை, பன்னீர் என்று சொல்வேனே, அது உண்மைதான். அதோடு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுக்கிற அரிப்பு ட்யூப், டப்பாவுக்கு ஒன்று. நான் தொழில் பழகிய இடத்தில் அப்படித்தான் கலந்தார்கள். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்றாகும், எல்லோரும் என்னைக் கைராசிக்காரி என்றார்கள், எனக்கும் தலைகால் புரியவில்லை. அந்த ட்யூப் ஸ்டீராய்டாம், டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். போட்டால் சிவப்பு அடங்குமாம், நிறுத்தினால் முன்னைவிட எகிறுமாம், பயந்துபோய் மறுபடி போட்டால் மறுபடி அடங்குமாம். போடப் போடத் தோல் மெலியும், கண் பக்கம் போனால் கண்ணுக்கே கெடுதல் என்றார். "மருந்து மாதிரி நடிக்குதுங்க, வளர்த்து விடறதே அதுதான்" என்றார். ஃபோனில் ஒரு தடவை மட்டும் காரணம் சொல்லாமல் நிறுத்து என்றேன், நீ இரண்டு நாள் நிறுத்தினாய், எரிந்தது, திரும்பப் போட்டுக்கொண்டு, "உன் கிரீம் போட்டாத்தாம்மா அடங்குது, இன்னும் ரெண்டு டப்பா அனுப்பு" என்று சிரித்தாய். அங்கே டாக்டர் ஸ்டீராய்டு ஏதாவது போடுகிறாயா என்று கேட்டதற்கு, அம்மா கையால் செய்தது, கலப்படமே கிடையாது என்று அடித்துச் சொன்னாயாமே, மாப்பிள்ளை சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தக் கடிதத்தை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டு. ட்யூப்பின் பெயரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், எத்தனை வருஷம் போட்டாய் என்பதை மறைக்காதே. அவர் சொல்லாத எதையும் முகத்தில் வைக்காதே, பவுடர் மேக்கப் எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும், சில பற்பசையும் இதைக் கிளப்புமாம், மாற்ற வேண்டுமா என்றும் கேள். மாத்திரை கொடுத்தால் பாதியில் விட்டுவிடாதே. தேற வாரக்கணக்கு ஆகும், மாதக்கணக்கும் ஆகலாம். இது ஒட்டுகிற நோய் இல்லை, மாப்பிள்ளை தள்ளி உட்கார வேண்டியதில்லை. நானும் அதே கிரீமைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே நிறுத்தினேன். ஐந்தாம் நாள் முகமே நெருப்பாக இருந்தது, அப்பா பார்த்துவிட்டு, "உன் கிரீமையே கொஞ்சம் போட்டுக்கோயேன்" என்றார், அவருக்கும் இன்னும் சொல்லவில்லை. இருபத்திரண்டு டப்பா வெளியே போயிருக்கிறது. நாளைக் காலையில் ஒவ்வொருவர் வாசலாகப் போய்ச் சொல்லப் போகிறேன், கடை இருந்தாலும் சரி போனாலும் சரி. முதலில் உன்னிடம் சொல்லாமல் அவர்கள் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியமில்லை.

கண்ணும் முகமும் குறையில்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மட்டும் ஞாபகம் வை. நிறுத்திய பிறகு கண்ணாடியில் தெரிவது இப்போது இருப்பதைவிட மோசமாக இருக்கும், கை தானாக டப்பாவைத் தேடும். அப்போது எனக்கு ஃபோன் போட்டுத் திட்டு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு, நான் வைக்க மாட்டேன், அவ்வளவு நேரமாவது உன் கை முகத்துக்குப் போகாமல் இருக்கும்.

உன் முகத்தைக் கெடுத்த,
அம்மா