திரும்பவும் பிரசவ அறைக்குப் போன சாந்தினி அக்காவுக்கு

என் அன்புச் சாந்தினி அக்கா,

முதலில் ஒரு செய்தி. நம் மருத்துவிச்சிப் படிப்புத் துறையில் கற்பிக்கிற எல்லோரும் ஆண்டுதோறும் சில கிழமைகள் பிரசவ அறையில் வேலை செய்யவேண்டும் என்று முடிவாகிவிட்டது. நீங்கள் கேட்டுக் கேட்டுக் களைத்த விஷயம். கூட்டத்தில் யாரும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வழக்கமாக உட்காரும் கதிரைப் பக்கம் பலர் பார்த்ததை நான் கண்டேன்.

அன்று உங்களுக்குக் கிடைத்த பதில் நினைவிருக்கிறதா? வகுப்பெடுக்கவே ஆளில்லை என்றார் துறைத் தலைவர். நீங்கள் வாக்குவாதப்படவில்லை. உங்கள் கோடை விடுமுறையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அங்கே உங்கள் வேலையைக் கண்காணிக்க விட்டது உங்களிடமே படித்த நிலானியை. வேறு யாரென்றாலும் ஆளை மாற்றித் தரும்படி கேட்டிருப்பார்கள். நீங்கள் எனக்குப் போனில் சொன்னீர்கள்: "நல்லதாப் போச்சு, வதனி. அவள் எனக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நிக்கமாட்டாள்."

நிலானியும் பயப்படவில்லை. முதல் பிரசவத்திலேயே, குழந்தை வந்தவுடன் உங்கள் கை கொடியில் போடும் கிளிப்பை எடுக்கப் போனதாம். "ரீச்சர், பொறுங்கோ. கொடி இன்னும் துடிக்குது" என்றாளாம். தொப்புள்கொடியின் துடிப்பு அடங்கும்வரை வெட்டக்கூடாது என்று ஆண்டுக்கணக்காக வகுப்பில் சொல்லி வந்தவர் நீங்கள்.

இதை நிலானி ஒருவருக்கும் சொல்லவில்லை. கோடை முடிந்து வகுப்புத் தொடங்கியதும் நீங்களே சொன்னீர்கள். "என்ர வாய் புதுசைப் படிப்பிக்குது. கை பழசிலயே நிண்டுட்டுது, பிள்ளையள். அதுதான் திரும்பப் போறன்." மாணவிகள் எழுதுவதை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்த நானும் பேனாவை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எந்தக் கோடையையும் நீங்கள் விடவில்லை. சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில், ஒரு மட்டக்களப்புப் பெண்ணுக்கு நீங்களும் அவளும் வீட்டுக்கே போய்ப் பார்த்த பிரசவத்தைப் பற்றி நிலானி உங்கள் செத்தவீட்டில்தான் எனக்கு விவரமாகச் சொன்னாள். குழந்தையின் தலை வந்துவிட்டது, தோள் சிக்கிக்கொண்டது. தாயின் கால்களை நிலானி மடக்கிப் பிடித்துப் பார்த்தாள். அசையவில்லை. அம்புலன்ஸ் வந்து சேரவில்லை.

"ரீச்சர் பதறேல்லை. 'திரும்பி முழங்காலில நில்லுங்கோ பிள்ளை, நான் பிடிக்கிறன்' எண்டு தாயோட கதைச்சுக் கதைச்சே கையை உள்ளுக்கு விட்டு, குழந்தையின்ர பின்பக்கத்துக் கையைத் தேடி எடுத்தவ. I just froze, அன்ரி."

வெளியே வந்த குழந்தை அழவில்லையாம். நீங்கள் துடைத்து, முதுகைத் தேய்த்து, மூச்சுக் கொடுத்த பிறகுதான் அழுததாம். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான், அக்கா.

அந்தப் பிரசவம் நடந்த கிழமை, பயிற்சி அறையில் பொம்மையை வைத்துக்கொண்டு நீங்கள் மாணவிகளுக்குச் சொன்னதன் அர்த்தம், நிலானி இதைச் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. "பொம்மை விட்டுக் குடுக்கும். தாயின்ர உடம்பு உங்கட கையை நெரிக்கும், விரல் விறைச்சுப் போகும். அதையும் நினைச்சுப் பழகுங்கோ." எந்தப் புத்தகத்திலும் நான் அதை வாசித்ததில்லை.

வருத்தம் முற்றி, மில்லிக்கனில் உங்கள் வீட்டில் நோயோடு படுத்திருந்தபோதும், "இந்த வருசம் பிரசவ அறைக்கு ஆர் போகினம்?" என்றுதான் கேட்டீர்கள். யாருமில்லை என்று சொல்ல மனம் வராமல் தண்ணீர் எடுக்கப் போனேன். அப்போதே உங்களுக்கு விளங்கியிருக்குமோ?

திங்கட்கிழமை நான் போகிறேன். என்னைக் கண்காணிக்கப் போகிற பெண் என் மகளைவிட இளையவள். பிரசவம் பார்த்துக் கனகாலம் ஆகிவிட்டது, பயமாகத்தான் இருக்கிறது. முதல் நாள் உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா? கேட்காமல் விட்டுவிட்டேன்.

அவள் திருத்தினால் கூசாமல் கேட்டுக்கொள்வேன். எங்கே தவறினேன் என்பதை வகுப்பில் என் வாயாலேயே சொல்வேன். அடுத்த ஆண்டும் போவேன், அக்கா.

கூடப் பிறக்காவிட்டாலும் உங்கள் தங்கச்சி,
வதனி