மாமன் கொடுத்த நற்சான்று

உறுவையாறு,
3.6.2024

அன்பு மருமகள் ரோஸ்லினுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம். போனில் பேசினால் "சுருக்கமா சொல்லு மாமா" என்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

உன்னை பைலட்டாக எடுக்கப்போகிற கம்பெனியிலிருந்து விசாரிக்கக் கூப்பிட்டார்கள். விசாரணைக்கு என் பெயரைத்தானே கொடுத்திருந்தாய்! நீ ஆன்லைனில் டிகிரி வாங்கியதைப் பற்றி மூச்சு விடவில்லை. "வூட்ல குந்திக்கினு செல்லுல படிச்ச பொண்ணுன்னு நெனச்சியா சார்? மூணு வருசம் சென்னையில ஆஸ்டல்ல தங்கி காலேஜ் போச்சு. நாந்தான் கொண்டுபோயி சேர்த்தேன். பிரின்சிபால் எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு" என்று ஒரு போடு போட்டேன். மனுஷன் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டான். எட்டாவது படித்தவன் சாமர்த்தியம் எப்படி!

வில்லியனூர் மார்க்கெட்டில் உனக்கு பேனர் வைத்தாயிற்று. பக்கத்தில் என் படம், கொஞ்சம் பெரிசு.

உன் மாமன்,
மரியதாஸ்

ஐதராபாத்,
15.6.2024

மாமாவுக்கு,

ஆன்லைன் டிகிரி என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தேன். சில கம்பெனிகள் முகம் சுளிக்கும். இங்கே இன்டர்வியூ எடுத்த கேப்டன், "லைசன்சும் பறந்த மணிநேரமும்தான் முக்கியம். டிகிரி அங்கீகாரம் உள்ளதா, போதும்" என்றார்.

இப்போது, "உங்கள் மாமா வேறு மாதிரி சொல்கிறார். வீட்டில் பொய் சொல்ல ஆள் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். வேலையை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

'நான் சொன்னது பொய்' என்று நீங்கள் ஒரு வரி எழுதி அனுப்பினால் மறுபடி பார்ப்பார்களாம். இந்த மாதக் கடைசிக்குள். ஒரே வரி, மாமா. வேறெதுவும் வேண்டாம்.

ரோஸ்லின்

உறுவையாறு,
22.6.2024

அன்பு மருமகளுக்கு,

கவலையை விடு, எழுதிப் போட்டுவிட்டேன். பேனர் வைத்தவன் கையால் 'பொய்' என்று எப்படி எழுதுவது? 'அன்று பேசியது நானே இல்லை. நான் துபாயில் இருந்தேன். எவனோ பொறாமைக்காரன் என் போனில் பேசியிருக்கிறான்' என்று எழுதினேன். இனி உன்னை ஒருத்தனும் அசைக்க முடியாது.

மாமன்

உறுவையாறு,
4.8.2024

ரோஸ்லினுக்கு,

போன கடிதம் திரும்பி வந்துவிட்டது. அந்த வேலை கிடைக்கவில்லையாம், அறையைக் காலி செய்துவிட்டாயாம். புது விலாசம் உன் அம்மாவிடம் இருக்கிறது, தரமாட்டேன் என்கிறாள். இதை அவளிடமே கொடுக்கிறேன், அனுப்பினால் அனுப்பட்டும். பேனரை அவளே போய்க் கிழித்து வந்தாள். என் படத்தையும் சேர்த்துத்தான்.

நீ லண்டனுக்கு ஓட்டுகிறாய் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். நேற்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு விமானம் போனது. "எங்க ரோஸ்லின்தான்" என்றேன்.

யாரும் மேலே பார்க்கவில்லை.

மரியதாஸ்