ப்ளூ டிக் விழாத வீடு

அக்டோபர் 6, திங்கள்

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்பே இவருக்குச் செய்தி அனுப்பினேன்: பொள்ளாச்சி ரோட்டில் பாலம் வேலை, பஸ்கள் சுற்றிப் போகும். திறக்கவில்லை. சாயங்காலம் கட்டுத்தரையிலிருந்து மாட்டுக் கயிறும் கையுமாக ஓடி வருகிறார்.

"பிரியா, சங்கதி தெரியுமா? பஸ்ஸெல்லாம் சுத்திப் போகுதாம். சாய்குமார் அனுப்பிச்சான்."

அந்தச் சுற்றுப்பாதையில்தான் பீளமேட்டு ஆபீஸிலிருந்து கிணத்துக்கடவு வரை நின்றுகொண்டே வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எனக்கே சொல்கிறார்! சீ என்றாகிவிட்டது.

சாய்குமார் இவருடைய சிநேகிதர். தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். அவர் அனுப்பினால் அது சங்கதி. கட்டிய பெண்டாட்டி அனுப்பினால் தொணதொணப்பு.

அக்டோபர் 7

கேட்டேவிட்டேன். "ஏனுங்க, நான் அனுப்பறதைத் தொறந்துதான் பாக்கறதுங்களா?"

"நீ ஒரு நாளைக்கு முப்பது அனுப்புவே. எதையின்னு தொறக்கறது?"

முப்பதாம்! எண்ணிப் பார்த்தேன். நேற்று அனுப்பியது பதினேழுதான்.

அக்டோபர் 8

தூக்கம் வரவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

போன மாதம் மார்பில் கட்டி மாதிரி கையில் தட்டுப்பட்டது. வாயால் சொல்ல ஒரு மாதிரி இருந்தது. அதனால்தான் மெசேஜில் கேட்டேன்: "ஏனுங்க, புதன்கிழமை ஸ்கேன் எடுக்கோணும். கூட வாரீங்களா?" அதற்கு முன்னால் வெங்காய விலை, பின்னால் கரண்ட் நிறுத்தம். நடுவில் அது. இன்று வரைக்கும் திறக்கவில்லை.

தனியாகப் போனேன். தனியாக வந்தேன். பயப்பட ஒன்றுமில்லை, மார்ச்சில் மறுபடி வந்து காட்டுங்கள் என்றார்கள். இவரிடம் அதையும் சொல்லவில்லை. கேட்காத மனுசனிடம் என்னத்தைச் சொல்ல?

அக்டோபர் 9

நாளைக்கு ஊரில் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி முகாம். அனுப்பிவிட்டேன். நம் பசு பொம்மிக்காவது பார்ப்பார்.

அக்டோபர் 27

பொம்மியை விற்கப் போகிறாராம். "எனக்கு மூட்டு வலி, நீ விடிஞ்சா பஸ் ஏறிடறே, கறக்க ஆளில்லை" – இதுதான் இவர் சொல்கிற காரணம். பொம்மி என்று பெயர் வைத்ததே மகள் கயல்தான். ஹாஸ்டலுக்குப் போகிற அன்றைக்கு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத பிள்ளை. போனில் கயல்விழி ஒரே அழுகை. "அப்பாகிட்ட நீங்க சொல்லுங்கம்மா."

நான் சொல்லி இந்த வீட்டில் எது நடந்திருக்கிறது? தோசையைத் தட்டில் எறிந்தேன். அதையும் கவனிக்கவில்லை. தலை குனிந்து போனைத் தேய்த்துக்கொண்டே தின்கிறார். அந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

நவம்பர் 3, திங்கள்

நாளைக்குப் பொள்ளாச்சி சந்தை. டெம்போவுக்குச் சொல்லிவிட்டார்.

ஆபீஸில் இருக்கும்போது செய்தி வந்தது. அக்கம்பக்கத்தில் கோமாரி பரவுவதால் மாட்டுச் சந்தை இந்த வாரம் கிடையாது. உடனே இவருக்கு அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் – இரண்டு டிக், இரண்டும் சாம்பல். சோறு போட்டேன், சாம்பல். பாத்திரம் கழுவினேன், சாம்பல். மனுசன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், சாய்குமார் அனுப்பிய ஏதோ வீடியோவுக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

சொல்ல மாட்டேன். அனுப்பியாச்சு. பொம்மியை ஏற்றிக்கொண்டு போய்ப் பூட்டின கேட்டுக்கு முன்னால் நிற்கட்டும். அது திரும்பி வந்துவிடும், எனக்கென்ன?

நவம்பர் 4

லீவு போட்டுவிட்டு வாசலிலேயே இருந்தேன். டெம்போ திரும்பி வந்தது. பொம்மி இறங்கி நேராகக் கட்டுத்தரைக்குப் போய் நின்றுகொண்டது.

"சந்தை லீவாம் பிரியா! எத்தன மாடு வந்து நிக்குது தெரியுமா? எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒரசிக்கிட்டு, அதுகளுக்கே தண்ணி தொட்டி ஒண்ணுதான். ஒரு பயலும் சொல்லலியே!"

"போனை எடுங்க" என்றேன். எடுத்தார். "என்ற பேரைத் தொடுங்க." தொட்டார். என் போனில் டிக் நீலமானது. போய் வேட்டியை மாற்றினார். சாப்பிடவில்லை. எனக்கு வயிறு நிறைந்தது.

நவம்பர் 11

பொம்மி வாயில் நூல் நூலாக எச்சில். நாக்கெல்லாம் புண். காலை ஊன்றவில்லை.

கால்நடை டாக்டர் கிருபா வந்தது. சின்னப் பெண். "கோமாரிங்க. ஊசி போட்டீங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். நான் அனுப்பியிருந்தேன், இவர் திறக்கவில்லை. போட்டீர்களா என்று நானும் வாயைத் திறந்து கேட்கவில்லை. சந்தைக்குப் போகாதீங்கன்னு ரெண்டே வார்த்தை, அதையும் சொல்லல. ஜெயிக்கோணும்னு வாயில்லாச் சீவனை டெம்போவுல ஏத்தி அனுப்பிச்சேன். தூ, நானும் ஒரு பொம்பளையா?

கிருபா ஊசி போட்டுவிட்டு, "வாயில தடவற மருந்துக்குப் பக்குவம் அக்காவே ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தீங்களே! நான் அதைத்தானுங்க எல்லாருக்கும் அனுப்பறேன்" என்றது.

இவருக்கும் அதை அனுப்பியிருந்தேன். போனை எடுத்துத் தேடினார். கட்டைவிரல் மேலே மேலே தள்ளிக்கொண்டே போகிறது. நான் அனுப்பியது அத்தனையும் ஓடுகிறது. கிடைத்ததும் படித்தார்: "மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய்த் துருவல்." படிக்கப் படிக்க நான் அரைத்தேன்.

நவம்பர் 13

நாற்றம். எச்சில், சீழ், சாணி. இவர் தாடையைப் பிடிக்கிறார், நான் நாக்கில் தடவுகிறேன். குளம்பைக் கழுவுவது இவர்தான். முகம் சுளிக்கவில்லை. மூக்கைப் பொத்தியது நான்.

நவம்பர் 16

பொம்மி கஞ்சித் தண்ணீர் குடித்தது.

நவம்பர் 21, வெள்ளி

மத்தியானம் டப்பாவைத் திறக்கிறேன், போன் டொக் டொக் என்று அடிக்கிறது. பக்கத்து சீட் ரம்ஷா, "யாருக்கா இப்படி அடிக்கறது?" என்றாள்.

இவர்தான். ஒவ்வொன்றாகப் படித்து ஒவ்வொன்றுக்கும் பதில். பாலம் வேலைக்கு: பாத்தேன். ஊசி முகாமுக்கு: அன்னைக்கே பாத்திருக்கோணும். பழைய வெங்காய விலைக்கு: பாத்தேன். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும். ஆடி அமாவாசை பஸ் நேரத்துக்கெல்லாம் கார்த்திகையில் பதில் போடுகிற கிறுக்கு எங்கேயாவது உண்டா?

டப்பாவை மூடும்போது ஒன்று வந்தது. "புதன்கிழமை ஸ்கேன் எடுக்கோணும். கூட வாரீங்களா?" – அதற்குக் கீழே ஒரே வார்த்தை.

வாரேன்.

பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இப்ப வந்து என்னத்துக்கு? முடிஞ்சுபோன ஸ்கேனுக்கு ஆரு கூட வாரது? இந்த மனுசனை என்ன செய்யறது? முகத்தைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன், கண் நிற்கவில்லை.

சாயங்காலம் பஸ் இறங்கினால் வண்டியோடு நிற்கிறார். கல்யாணமான புதிதில் இப்படி நின்றது, அதற்கப்புறம் இன்றுதான்.

"என்னாச்சு அம்மணி? டாக்டரு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லையாம். மார்ச்சுல மறுபடி வரச் சொன்னாங்க."

"தனியாவா போயிட்டு வந்தே?"

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வண்டி வீடு வரைக்கும் உருட்டுகிற வேகத்தில்தான் வந்தது. பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்தான்.

நவம்பர் 30, ஞாயிறு

பொம்மி சோளத்தட்டு மென்றது. சாய்குமார் ஒரு மாட்டு வியாபாரியைக் கூட்டி வந்தார். "அதெல்லாம் பிரியாவைத்தான் கேக்கோணும்" என்றார் இவர். நான் சமையலறையில் இருந்தபடியே முடியாது என்றேன். இனிக் காலையில் கறப்பது நான், சாயங்காலம் இவர்.

ஆனால் புதிதாக ஒரு தொல்லை. நான் அனுப்புகிற செய்தியை எல்லாம் திறந்து, எனக்கே சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். பல் விளக்கும்போது கூட விடுவதில்லை. கருமம், கருமம்.

இன்று சாயங்காலம் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன், இவர் கட்டுத்தரையில் கறந்துகொண்டிருந்தார். போன் அடித்தது. இவர் அனுப்பியது. மேலே எட்டிப் பார்த்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது – "மார்ச்சு ஸ்கேனுக்கு எந்தத் தேதி, நானும்..."

திறக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குழம்பைக் கிளறினேன்.

கொஞ்ச நேரத்தில் பால் சொம்போடு வாசற்படியில் வந்து நின்றார். "ஏம்புள்ள, அனுப்பிச்சனே, பாத்தியா?"

"எதையுங்க?" என்றேன்.